குழந்தைக்கு ட்ரை பண்றதுக்கு முன்னாடி மாத்திரைப் பையோட ஒரு தடவை வாங்க

நான் மகப்பேறு டாக்டர். ஹை ரிஸ்க் ஓபின்னு சொல்வாங்களே, சுகர், பிரஷர், தைராய்டு, வலிப்பு, ஹார்ட் வால்வு பிரச்சனை, லூபஸ் (உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குற நோய்)னு ஏற்கனவே ஏதாவது ஒண்ணு இருக்கிற கர்ப்பிணிகள் வர்ற இடம், அதைத்தான் பாத்துட்டு இருக்கேன். இவங்க கர்ப்பமாகுறது எனக்குக் கவலை இல்ல, நிறைய பேர் நல்லபடியா பெத்துட்டுப் போறாங்க. எங்ககிட்ட வர்ற நேரம்தான் கவலை. நாள் தள்ளிப்போய், வீட்லயே கார்டு வெச்சுப் பாத்து ரெண்டு கோடு வந்து, அம்மா வீட்டுக்கு ஃபோன் போட்டு, நல்ல நாள் பாத்து, அப்புறம் ஒன்பது வாரம் பத்து வாரம்னு வர்றாங்க. அதுக்குள்ள குழந்தைக்கு முக்கியமான வேலையெல்லாம் முடிஞ்சிருது.

நாங்க வாரக் கணக்கு போடுறது கடைசியா தலைக்குக் குளிச்ச தேதி, அதாவது கடைசி பீரியட்ஸ் ஆரம்பிச்ச நாள்ல இருந்து. அந்தக் கணக்குல ஆறாவது வாரத்துக்குள்ள மூளையும் தண்டுவடமும் உருவாகுற குழாய் மூடிடணும், இதயமும் துடிக்க ஆரம்பிச்சிரும். பத்தாவது வாரத்துக்குள்ள பெரும்பாலான உறுப்புகளோட அமைப்பு முடிஞ்சிடும். ஆனா நாலு வாரம் முடிஞ்சாதான் நாள் தள்ளிப்போச்சுன்னே தெரியும், அதுவும் பீரியட்ஸ் ஒழுங்கா வர்றவங்களுக்கு. பிசிஓடி இருந்து ரெண்டு மாசத்துக்கு ஒருக்க வர்றவங்களுக்கு அதுவும் தெரியாது. அதனால ஏற்கனவே ஒரு வியாதிக்கு மாத்திரை எடுக்குறவங்க, ட்ரை பண்ண ஆரம்பிக்கிறதுக்கு மூணு மாசம் முன்னாடி, முடிஞ்சா ஆறு மாசம் முன்னாடியே வந்துடுங்கன்னுதான் நான் பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு இருக்கேன்.

முதல்ல சுகர். முன்னெல்லாம் டைப் 2 சுகர் நாப்பது வயசுக்கு மேலதான்னு இருந்துச்சு, இப்ப கல்யாணமான புதுசுலயே, இருபத்தஞ்சு இருபத்தெட்டு வயசுல இருக்கிறவங்களை சாதாரணமா பாக்குறோம். மூணு மாச சராசரி சொல்ற எச்பிஏ1சி டெஸ்ட் எடுத்துப் பாருங்க. லோ சுகர் ஆகாம 6.5க்குக் கீழ கொண்டு வர முடிஞ்சா நல்லது. 10க்கு மேல இருந்தா இப்போதைக்கு கர்ப்பம் வேணாம்னு நேராவே சொல்லிடுவோம், ஏன்னா அந்த முதல் வாரங்கள்ல ரத்தத்துல சுகர் ஏறிக் கிடந்தா அது போய் நிக்கிறது குழந்தையோட இதயத்துலயும் தண்டுவடத்துலயும்தான், அபார்ஷன் ஆகுற வாய்ப்பும் கூடுது. அஞ்சாவது மாசம் ஸ்கேன்ல அந்தக் குறையைக் கண்டுபிடிக்கலாம், உருவானதைத் திருப்ப முடியாது. ஃபோலிக் ஆசிட் எல்லாருக்கும் 400 மைக்ரோகிராம் போதும்னா, சுகர் இருக்கிறவங்களுக்கு 5 மில்லிகிராம், அதுவும் கர்ப்பத்துக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். சின்ன மஞ்சள் மாத்திரை, விலையும் ரொம்பக் கம்மி. கண்ணுல விழித்திரையை ஒரு தடவை பாத்துடுங்க, ஏன்னா பல வருஷமா கட்டுப்பாடு இல்லாம இருந்த சுகரை வேகமா இறக்கும்போது விழித்திரையில ஏற்கனவே இருக்கிற பாதிப்பு கூடலாம். கிட்னிக்கு கிரியேட்டினின், யூரின்ல புரோட்டீன், இந்த ரெண்டு டெஸ்ட்டும் எடுத்துடுங்க.

சுகரோட சேத்து பிரஷருக்கும் மாத்திரை ஓடிட்டு இருக்கும், அதை யாரும் கவனிக்கிறதே இல்ல. டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில், இதுல ஏதாவது உங்க அட்டையில இருக்கான்னு பாருங்க. நல்ல மருந்துங்கதான், ஆனா கர்ப்பத்துல கொடுக்கக் கூடாது, குழந்தையோட கிட்னியைப் பாதிச்சு பனிக்குட நீர் குறைஞ்சு போகும். லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபான்னு கர்ப்பத்துல கொடுக்கக்கூடியது இருக்கு, முன்கூட்டியே மாத்திக்கலாம். 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை வீட்டுக்கே வருது, எத்தனையோ பேரு மாத்திரை விடாம சாப்பிடுறதே அதனாலதான். கொண்டு வந்து குடுக்குற அக்காகிட்ட "நாங்க குழந்தைக்குப் பாத்துட்டு இருக்கோம்"னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அவங்க பிஎச்சி டாக்டர்கிட்ட அனுப்பி விடுவாங்க. நீங்க சொல்லலைன்னா அதே மாத்திரை அடுத்த மாசமும் வரும்.

இப்ப நான் ரொம்ப சொல்லணும்னு நினைக்கிற விஷயத்துக்கு வர்றேன். வலிப்பு. ஃபிட்ஸ் இருக்குன்னு தெரிஞ்சா கல்யாணம் நடக்காதுன்னு மறைச்சுக் கட்டி வைக்கிறாங்க, அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு தினமும் திருட்டுத்தனமா மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கு. ஒருத்தங்க வந்தாங்க, யாருன்னு தெரியாம இருக்க சில விவரத்தை மாத்திச் சொல்றேன். என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மான்னு கேட்டேன், ஹேண்ட்பேக்ல இருந்து ஒரு கால்சியம் டப்பாவை எடுத்து மேசையில வெச்சாங்க. மூடியைத் திறந்தா உள்ள கால்சியம் இல்ல, அட்டையில இருந்து பிரிச்சுக் கொட்டின ஃபிட்ஸ் மாத்திரை, பேரும் கிடையாது டோசும் கிடையாது. ஊர்ல இருந்து அம்மா மாசாமாசம் வாங்கி அனுப்புறாங்களாம். மாமியார் பாத்துட்டு "கால்சியம்தானே, சாப்பிடு"ன்னு விட்டுட்டாங்க. அப்புறம் குழந்தைக்கு ட்ரை பண்ணும்போது யாரோ மாத்திரை சாப்பிட்டா கரு தங்காதுன்னு சொல்ல, இவங்களா ஒரே நாள்ல நிறுத்திட்டாங்க. கொஞ்ச நாள்லயே சமையக்கட்டுல அடுப்பு பக்கத்துல ஃபிட்ஸ் வந்து விழுந்து, முழங்கைக்குக் கீழ நல்ல தீக்காயம். அப்பதான் வீட்டுக்காரருக்கே தெரிஞ்சது.

பழைய சீட்டை அம்மாகிட்ட வாட்ஸப்ல அனுப்பச் சொல்லிப் பாத்தோம், சோடியம் வால்ப்ரோயேட். இந்த மருந்தைப் பத்தித்தான் கர்ப்பமாகுற வயசுல இருக்கிற ஒவ்வொரு பொண்ணும் தெரிஞ்சுக்கணும். கர்ப்பத்துல வால்ப்ரோயேட் எடுத்தா நூறு குழந்தைகள்ல பத்து பேருக்குக் கிட்ட பிறவிக் குறைபாடு வருது, பொதுவா அது ரெண்டு மூணு பேருக்குத்தான். அதோட நூத்துக்கு முப்பது நாப்பது பேருக்கு பேச்சு, படிப்பு, வளர்ச்சியில பின்தங்கல். இதைப் படிச்சுட்டு இன்னைக்கே நிறுத்திடாதீங்க, தயவுசெஞ்சு. திடீர்னு நிறுத்துனா ஃபிட்ஸ் அடுக்கடுக்கா வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நியூராலஜிஸ்ட்கிட்ட போய், ஒத்துவந்தா லெவெடிராசெட்டம் இல்லன்னா லாமோட்ரிஜின் மாதிரி ஆபத்து குறைஞ்சதுக்கு மெதுவா மாத்தி, ஃபிட்ஸ் கட்டுக்குள்ள இருக்குன்னு உறுதி பண்ணிட்டு அப்புறம் ட்ரை பண்ணணும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட்ல 1998ல இருந்து வலிப்பு உள்ள கர்ப்பிணிகளைப் பதிவு பண்ணித் தொடர்ந்து பாத்துட்டு வர்றாங்க, இது நம்ம பக்கத்துலயே தெரிஞ்ச விஷயம்தான். வலிப்பு இருக்கிற பெண்கள்ல பத்துல ஒன்பது பேருக்கு மேல ஆரோக்கியமான குழந்தைதான் பிறக்குது.

அந்த வீட்டுக்காரர் என்கிட்ட முதல்ல கேட்டது, குழந்தைக்கும் இது வருமான்னு. பெரும்பாலும் வராது, மத்த குழந்தைகளைவிட கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு, அவ்வளவுதான். இன்னொண்ணும் சொல்லணும். வலிப்பைக் காரணம் காட்டி கல்யாணத்தை ரத்து பண்ணலாம்னு இந்துத் திருமணச் சட்டத்துல இருந்ததை 1999லயே எடுத்தாச்சு. இதைச் சொல்லும்போது அவங்க ரெண்டு பேருமே நிமிர்ந்து பாத்தாங்க.

தைராய்டு மாத்திரை எடுக்குறவங்களுக்கு விஷயம் சுலபம். தைராய்டுக்கு எடுக்குற டிஎஸ்எச் ரத்த டெஸ்ட் 2.5க்குக் கீழ இருக்கட்டும். மாத்திரையைக் காலைல வெறும் வயித்துல தண்ணியோட, காபியோட இல்ல, இரும்புச்சத்து கால்சியம் மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி. கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே டோஸ் கூட்ட வேண்டியிருக்கும், எவ்வளவுன்னு இப்பவே உங்க டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கி வெச்சுக்கோங்க.

லூபஸ், மூட்டுவாதம் இருக்கிறவங்க ஆறு மாசமாவது நோய் அடங்கி இருக்கும்போது ஆரம்பிச்சா நல்லா போகுது. மெத்தோட்ரெக்ஸேட்டை ஒண்ணுல இருந்து மூணு மாசம் முன்னாடியும், மைக்கோஃபினோலேட்டை ஆறு வாரம் முன்னாடியும் நிறுத்தி வேற மருந்துக்கு மாறணும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மட்டும் நிறுத்தவே கூடாது, அதை நிறுத்திட்டு லூபஸ் கிளம்பி வந்தவங்களைப் பாத்திருக்கேன், அதைக் கர்ப்பத்துல அடக்குறது ரொம்பக் கஷ்டம்.

சின்ன வயசுல ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கினவங்க நம்ம ஊர்ல இன்னும் நிறைய. கர்ப்பத்துல ரத்தத்தோட அளவு கிட்டத்தட்ட பாதி கூடுது, சுருங்கின வால்வு அதைத் தாங்காது, ஏழாவது மாசம் மூச்சுத் திணறி வர்றதுக்கு முன்னாடியே எக்கோன்னு சொல்ற இதய ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டா பலூன் வெச்சு விரிச்சுட்டு அப்புறம் கர்ப்பமாகலாம். மெட்டல் வால்வு வெச்சவங்க ரத்தம் கட்டாம இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி மாத்திரை எடுப்பீங்க, ஆறுல இருந்து பன்னெண்டு வாரத்துக்குள்ள அது குழந்தையைப் பாதிக்கலாம், ஆனா நீங்களா நிறுத்துனா வால்வுல ரத்தம் கட்டிக்கும். கார்டியாலஜிஸ்ட்டும் நாங்களும் உக்காந்து பேசி முடிவு பண்ண வேண்டியது.

ஆம்பளைங்களும் இதைப் படிக்கணும். விந்தணு உருவாக ரெண்டரை மூணு மாசம் ஆகுது, அந்த நேரத்துல உங்க உடம்புல என்ன ஓடுதோ அது அதுல தெரியும். ஜிம்ல டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டவருக்கு கவுண்ட் விழுந்துடும். குடல் அழற்சிக்கோ மூட்டுவாதத்துக்கோ சல்ஃபாசலசின் சாப்பிட்டா கவுண்ட் குறையும், மருந்தை மாத்தினா திரும்ப வரும். ரொம்ப நாள் சுகர் இருக்கிற சிலருக்கு விந்து வெளிய வராம உள்பக்கமா மூத்திரப்பைக்குப் போயிடும், இதை வெக்கப்பட்டுச் சொல்லாம பொண்டாட்டியை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அனுப்புறாங்க.

உடம்பைத் தயார் பண்ற அந்த மாசங்கள்ல காண்டமோ காப்பர் டியோ ஏதாவது ஒண்ணு வேணும். கார்பமசெபின், ஃபெனிட்டாயின் எடுக்குறவங்களுக்கு கருத்தடை மாத்திரை சரியா வேலை செய்யாது, அதை நம்பி இருக்காதீங்க. தயாரான பிறகு ட்ரை பண்ணியும் கரு தங்கலைன்னா, பொதுவா சொல்ற மாதிரி ஒரு வருஷம் காத்திருக்க வேணாம், ஆறு மாசத்துல வந்து காட்டுங்க. வரும்போது எல்லா மாத்திரையும் அட்டையோட, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோட.

கடைசியா, எல்லாருக்கும் சரின்னு என்னால சொல்ல முடியாது. நுரையீரல் ரத்தக்குழாய்ல பிரஷர் ரொம்ப ஏறிப்போன இதய நோய் இருந்தா கர்ப்பம் அம்மா உயிரையே எடுத்துடலாம், அவங்ககிட்ட வேண்டாம்னு சொல்லித்தான் ஆகணும். 2021 வாடகைத்தாய் சட்டத்துல மருத்துவக் காரணம் இருக்கிற தம்பதிக்கு வழி இருக்கு, நிபந்தனைகள் நிறைய. தத்தெடுக்க காராங்கிற மத்திய அரசு அமைப்பு மூலமா பதிவு பண்ணலாம். கர்ப்பம் வேண்டாம்ங்கிறதை நான் அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லி அனுப்புறதில்ல. அவங்க சம்மதிச்சா வீட்டுக்காரரையும் மாமியாரையும் உள்ள கூப்பிட்டு, எக்கோ ரிப்போர்ட்டைக் காட்டி, டாக்டர் நான்தான் வேண்டாம்னு சொல்றேன்னு நானே சொல்வேன். வீட்ல போய் அவங்க தனியா நின்னு பதில் சொல்ற மாதிரி இருக்கக் கூடாதுல்ல.