ஒரு பூ பூத்தால் ரகம் ஆகிவிடுமா?

வாரத்துக்கு ஒரு முறையாவது இப்படி ஒரு படம் எனக்கு வந்துவிடும். ஒரு தொட்டி, அதில் ஒரே ஒரு ஜெரேனியம் செடி, அதில் அனுப்பியவர் இதுவரை எங்கும் பார்த்திராத நிறத்தில் ஒரு பூ. "விதையிலிருந்து தானாக வந்தது. புது ரகம்தானே? என்ன பெயர் வைக்கலாம்?" என்று கீழே ஒரு கேள்வி. பெயரைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. "இதன் தண்டுத் துண்டை இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். வாழ்த்தை எதிர்பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி சற்றுச் சுருக்கென்று தைக்கிறது. ஏன் கேட்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், செடி ரகங்களை உருவாக்குவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்த ஒரு பூ ரகமாவதற்குள் என்னென்ன நடக்க வேண்டும் என்று சொல்லியாக வேண்டும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஜெரேனியம் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வேறு செடிகளைக் குறிக்கிறோம். 1753-இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தார். 1789-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே ஒன்றைப் பிரித்துப் பெலார்கோனியம் ஆக்கினார். ஏடுகளில் பெயர் மாறியது, மக்கள் நாக்கில் மாறவில்லை. தடித்த தண்டும் வளையம் போட்ட இலையுமாகச் சன்னலோரத் தொட்டிகளில் கொத்துக் கொத்தாகச் சிவப்பாகப் பூப்பது பெலார்கோனியம். அதன் இனங்களில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவை. குளிர்காலத்தில் மேற்பகுதி மடிந்து, மறு ஆண்டு அடியிலிருந்து துளிர்த்து, நீலத்திலும் ஊதாவிலும் பூப்பவை அசல் ஜெரேனியத்தின் தோட்ட இனங்கள்.

சந்தேகம் வந்தால் பூவைப் பாருங்கள். ஐந்து இதழ்களும் ஒன்றுபோல இருந்து, பத்து மகரந்தத் தாள்களிலும் மகரந்தம் இருந்தால் அது ஜெரேனியம். பெலார்கோனியத்தில் மகரந்தம் தருபவை பொதுவாக ஏழுதான். அதன் மேல் இதழ் இரண்டும் கீழ் இதழ் மூன்றும் வேறுபட்டிருக்கும் என்று பாடநூல் சொல்லும். ஆனால் கொத்துப்பூ ரகங்களில் அந்த வேறுபாட்டை எங்கள் தொழில்காரர்களே பெரும்பாலும் தேய்த்துவிட்டார்கள். அப்போது பூக்காம்பைக் குறுக்கே நறுக்கிப் பார்க்கலாம். காம்போடு ஒட்டியபடி ஒரு தேன்குழல் ஓடினால் அது பெலார்கோனியம்தான். இரண்டையும் கலந்து நீலநிறக் கொத்துப்பூ செய்யப்போவதாகச் சொல்லி ஆலோசனை கேட்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு பேரினம், கலப்பு பிடிக்காது, அந்த நேரத்தில் வேறு ஏதாவது செய்யுங்கள் என்பேன்.

அசல் ஜெரேனியத்தில் இன்று உலகமே அறிந்த ரகம் ரோசான். 1989-இல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், டொனால்டு வாட்டரர், ரோசான் வாட்டரர் தம்பதியின் தோட்டத்தில் அது தற்செயலாக முளைத்தது. இமயமலைப் பகுதியைச் சேர்ந்த இரண்டு இனங்களின் கலப்பு அது: ஒன்று ஜெரேனியம் ஹிமாலயென்ஸ், மற்றது ஜெரேனியம் வாலிச்சியானத்தின் 'பக்ஸ்டன்ஸ் வெரைட்டி' என்ற ரகம். கலப்பு வேலையைச் செய்தது தேனீ. 2008-இல் அமெரிக்காவில் அந்த ஆண்டின் பல்லாண்டுச் செடியாகவும், 2013-இல் செல்சி மலர்க் கண்காட்சியில் நூற்றாண்டின் செடியாகவும் அது தேர்வு பெற்றது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் தேனீயையும் அதிர்ஷ்டத்தையும் சொல்கிறார்கள். நான் பார்ப்பது வேறொரு எண்ணை. 1989-இல் கண்ணில் பட்ட செடி, சந்தைக்கு வந்தது 2000-இல். நடுவில் பதினோரு ஆண்டுகள். கலப்புக்குத் தேனீக்கு ஒரு நிமிடம் போதும். மனிதர்களுக்கு அதன் பிறகுதான் வேலை.

அந்த முதல் நிமிட வேலையையும் குறைத்துச் சொல்லிவிட முடியாது. தேனீ செய்வதை நாம் செய்யப் போனால் தெரியும். ஜெரேனியம் பூவில் மகரந்தப்பைகள்தாம் முதலில் முதிரும். அவை மகரந்தத்தைக் கொட்டி உதிர்ந்த பிறகே சூல்முடி ஐந்து கிளைகளாக விரியும். தன் மகரந்தம் தன் மேலேயே விழாமலிருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. அதை நம்பி நாம் சும்மா இருந்துவிடக் கூடாது, அடுத்த பூவிலிருந்து மகரந்தம் வந்துவிடும். எனவே மொட்டு அவிழ்வதற்கு முன்பே இடுக்கியால் பத்து மகரந்தப்பைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மெல்லிய வலைத்துணியால் பூவை மூடிவிடுவேன். சூல்முடி நட்சத்திரம்போல் விரியும் நாளில் தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வைத்து, காம்பில் எண் எழுதிய நூலைக் கட்ட வேண்டும். இதழ்களின் அடியில் மெல்லிய மயிர்கள் கண்ணில் படும். 1787-இல் காட்டு ஜெரேனியம் ஒன்றில் அந்த மயிர்களைக் கவனித்து, மழைநீரிலிருந்து தேனைக் காக்கத்தான் இவை இருக்கின்றன என்று யோசிக்கத் தொடங்கியவர் ஜெர்மானியர் ஸ்பிரெங்கல். பூவுக்கும் பூச்சிக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆய்வு அங்கிருந்துதான் வேர்விட்டது. இடுக்கியும் கையுமாகக் குனிந்திருக்கும்போது அவரை நினைத்துக்கொள்வேன். முதுகுவலிக்கு ஒரு துணை.

கலப்பு பிடித்துவிட்டால் பூவின் நடுவே கொக்கின் அலகுபோல் ஒன்று நீளும். ஜெரேனியம் என்ற பெயரே கொக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அலகின் அடியில் ஐந்து அறைகள், அறைக்கு ஒரு விதை. ஆக, ஒரு பூவுக்கு ஐந்து விதைதான் உச்சம். உறவு தள்ளிய இனங்களைக் கலந்தால் ஒன்றோ இரண்டோதான் தேறும், பல நேரம் ஒன்றுமே தேறாது. அலகு காய்ந்ததும் அது விற்போல் வளைந்து தெறித்து விதைகளைக் கவண்கல்லாக வீசிவிடும். தொழிலுக்கு வந்த புதிதில், நாளை பறித்துக்கொள்ளலாம் என்று ஒரு மாலை வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை காலி அலகுகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு பருவத்தின் வேலை சரளைக்கல்லுக்கிடையே எங்கோ கிடந்தது. கருவுற்ற பூவிலிருந்து வலைத்துணியை அவிழ்ப்பதே இல்லை என்ற பழக்கம் அன்று வந்தது.

விதை கையில் கிடைத்ததும் விதைத்துவிட்டு, "முளைக்கவில்லை, மலட்டு விதை" என்று முடிவுகட்டுபவர்கள் பலர். தோல் கடினமான விதை அது, தண்ணீரை உள்ளே விடாது. உப்புத்தாளில் இரண்டு முறை மெதுவாக உரசி விதைத்தால் போதும்.

முளைத்தவை முதன்முதலாகப் பூக்கும் நாள்தான் இந்தத் தொழிலில் மிக ஆபத்தான நாள். பூ கண்ணை மயக்கிவிடும். அதனால் முதல் ஆண்டில் பூவுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. கணுக்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, அடியிலிருந்து எத்தனை கிளை, அடி இலை எத்தனை நாள் பச்சையாக நிற்கிறது என்று மட்டும் குறிப்பேன்.

வாங்குபவர்கள் செடியின் அட்டையில் 'தோட்டத்துக்கும் தொட்டிக்கும் ஏற்றது' என்று படிக்கிறார்கள். அந்த ஒரு வரிக்குள் இரண்டு எதிரெதிர்க் கோரிக்கைகள் இருக்கின்றன. தரையில் நட்ட செடி பரவ வேண்டும், களையை அமுக்க வேண்டும், குளிரில் மடிந்தாலும் மறுபடி எழ வேண்டும். வேர் ஆழம் போகும், மண் சூட்டையும் ஈரத்தையும் மெதுவாகவே மாற்றும். தொட்டியிலோ நிலைமை தலைகீழ். வேர் சுவரில் மோதித் திரும்பும். கோடை வெயிலில் தொட்டியின் பக்கச் சுவரை ஒட்டிய மண், தரை மண் ஒருநாளும் காணாத சூட்டைக் காணும். காலையில் ஈரம், மாலையில் வறட்சி, போட்ட உரம் நீரோடு கீழே ஓடிவிடும். தரையில் இரண்டடி பரவினால் பாராட்டுவோம். தொட்டியில் அதே இரண்டடி, நடுவில் வழுக்கை விழுந்த தலையாகத் தெரியும்.

ஆகவே, தேறும் என்று தோன்றும் ஒவ்வொரு நாற்றிலும் சில செடிகள் தரைக்கும் சில தொட்டிக்கும் போகும். தொட்டிகளில் சிலவற்றுக்கு வேண்டுமென்றே இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துவேன், ஏனென்றால் வாங்குபவர் ஊருக்குப் போவார். என் நாற்றுகளில் ஒன்று, ஆழ்ந்த நீலம், நடுவில் வெள்ளை, இதழில் கருநீல நரம்பு. தரையில் இரண்டு ஆண்டுகள் அரசிபோல் இருந்தது. தொட்டியில் மூன்றாவது மாதத்திலேயே அடி இலைகள் மஞ்சளாகி, தண்டுகள் வெறும் கம்பிகளாக விளிம்புக்கு வெளியே தொங்கின. மண்கலவையை மாற்றினேன், உரத்தை மாற்றினேன், தொட்டியையே மாற்றினேன். மூன்றாவது ஆண்டில் குப்பைக்குழியில் போட்டேன். அது இன்னும் மனத்தில் உறுத்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. நீலம் கைப்பேசிப் படத்தில் பொய் சொல்லும். வெயில் ஏறினால் செடியிலேயே அது ஊதாவாகிவிடும். இங்கிலாந்து அரசத் தோட்டக்கலைக் கழகத்தின் வண்ண அட்டையை இதழோடு ஒட்டிவைத்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில், குளிரிலும் சூட்டிலும் தனித்தனியே ஒப்பிட்ட பிறகுதான் நிறத்தை எழுதுகிறோம்.

ரோசான் விதை பிடிக்காது. விதை வளர்க்கச் செலவாக வேண்டிய சக்தி பூவுக்குப் போவதால் கோடையில் தொடங்கி உறைபனி வரை பூத்துக்கொண்டே இருக்கிறது. வாங்குபவருக்கு வரம், உருவாக்குபவருக்குத் தலைவலி. விதையில்லாத செடியைத் துண்டிலிருந்தோ, அடிக்கட்டையைப் பிரித்தோ, திசு வளர்ப்பிலோதான் பெருக்க முடியும். இத்தகைய கலப்பினங்கள் சிலவற்றின் படரும் தண்டு, மண்ணைத் தொட்டாலும் கணுவில் வேர்விடாது. ஓராண்டில் ஒரு தூரிலிருந்து மூன்று நான்கு செடிகள்தாம் கிடைக்கும் என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நாற்றங்காலைத் தாண்டாது. திசு வளர்ப்பிலும் தாய் போலில்லாத பிள்ளைகள் சில வரும். பூக்கும் வரை வளர்த்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது.

பெலார்கோனியத்தில் சிக்கல் வேறு மாதிரி. துண்டு எளிதாக வேர்விடும், அதுவே அதன் சாபமும்கூட. நெடுங்காலம் வணிக ரகங்கள் எல்லாம் துண்டிலிருந்தே பெருகின. 1962-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'நிட்டனி லயன் ரெட்' வந்த பிறகுதான் விதையிலிருந்தும் ஒரே மாதிரிச் செடிகளை எதிர்பார்க்க முடிந்தது. வீட்டில் கலப்பு முயல்பவர்கள் குரோமோசோம் எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும். கொத்துப்பூ ரகங்களில் சிலவற்றுக்கு 18, சிலவற்றுக்கு 36. இரண்டையும் கலந்தால் விதை அரிது, வந்த செடியும் பெரும்பாலும் மலடு. வெள்ளை விளிம்பு இலை ரகங்களில் இன்னொரு வேடிக்கை. இலைக்குள் பச்சையத்தைத் தாங்கும் நுண்ணுறுப்புகள் தாய் வழியில் மட்டுமல்ல, தந்தை வழியிலும் வரும் என்று 1909-இல் ஜெர்மானிய மரபியலாளர் எர்வின் பௌர் காட்டியது இந்தச் செடியில்தான். அவற்றைக் கலந்தால் பச்சை, திட்டுத்திட்டு, முழு வெள்ளை என மூன்று வகையும் முளைக்கும். முழு வெள்ளை நாற்று பார்க்கப் பேரழகு. விதையிலிருந்த உணவு தீர்ந்ததும் இறந்துவிடும்.

துண்டோடு நோயும் பயணம் செய்யும். பெலார்கோனியத்தின் பாக்டீரியக் கருகல், சாந்தோமோனாஸ் வகைக் கிருமியால் வருவது, செடிக்குள் அறிகுறியே இல்லாமல் ஒளிந்திருந்து வெப்பம் ஏறியதும் வெளிப்படும். பூச்சிமருந்துக் கடையில் அதற்கு மருந்து இல்லை. செடியை அப்புறப்படுத்துவதுதான் வழி. நண்பர் ஒருவர் அன்போடு கொடுத்த ஒரு துண்டை, தனியே வைக்காமல், அதே கத்தியால் வெட்டி மற்றவற்றோடு நட்டேன். ஒரு மேசை முழுவதும் போயிற்று, அதில் திரும்பக் கிடைக்காத மூன்று நாற்றுகளும் அடக்கம். இப்போது புதிதாக வரும் எந்தச் செடியும், யார் கொடுத்ததாக இருந்தாலும், பல வாரம் தனி அறையில் இருக்கும். ஒவ்வொரு தாய்ச்செடிக்கும் இடையே கத்தியைக் கிருமிநீக்கம் செய்கிறோம். வீட்டில் ஐந்தாறு தொட்டிகள் வைத்திருப்பவரும் இதைச் செய்யலாம், செலவு ஒன்றும் இல்லை.

இனி, எத்தனை பேருக்குத் துண்டு கொடுத்தீர்கள் என்ற அந்தக் கேள்விக்கு வருகிறேன். புதிய செடி ரகங்களின் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தம் 1961-இல் உருவானது. அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பெருக்கி விற்கும் தனி உரிமை உருவாக்கியவருக்குக் கிடைக்க ஒரு ரகம் நான்கு சோதனைகளைத் தாண்ட வேண்டும்: புதிதாக இருக்க வேண்டும், அறியப்பட்ட மற்ற ரகங்களிலிருந்து வேறுபட வேண்டும், செடிக்குச் செடி ஒரே சீராக இருக்க வேண்டும், பெருக்கினாலும் மாறாமல் இருக்க வேண்டும். இங்கே 'புதிது' என்பதற்கு அகராதிப் பொருள் கிடையாது. உருவாக்கியவரின் சம்மதத்தோடு அந்தச் செடி வணிக நோக்கில் விற்கப்பட்டோ கைமாறியோ இருந்தால் நாள்கணக்கு ஓடத் தொடங்கிவிடும். விண்ணப்பிக்கும் நாட்டில் ஓராண்டு, வெளிநாட்டில் நான்கு ஆண்டுகள், மரங்களுக்கும் கொடிகளுக்கும் மட்டும் ஆறு. அதைத் தாண்டினால் அந்தப் பூ எவ்வளவு அபூர்வமானாலும் சட்டத்தின் கண்ணில் பழையது. அன்பளிப்பாகக் கொடுத்த துண்டு, பெற்றவரின் கையிலிருந்து ஒரு நாற்றுப்பண்ணைக்குப் போனால், யார் எப்போது சம்மதித்தார் என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது.

மறுபக்கமும் உண்டு. பாதுகாப்புப் பெற்ற ரகத்தைப் பெற்றோராக வைத்துப் புதிய கலப்பு செய்ய அந்த ஒப்பந்தம் இடம் தருகிறது. வணிகமில்லாத சொந்தப் பயன்பாட்டுக்கும் தடை இல்லை. ஆனால் அதன் துண்டுகளைப் பெருக்கி விற்பது, நான்கு தொட்டியானாலும், பிறர் உழைப்பை விற்பதுதான். அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தால் குழம்ப வேண்டாம். ரோசான் என்பது வணிகப் பெயர், ரகத்தின் பதிவுப் பெயர் 'கெர்வாட்'. பாதுகாப்பு இருக்கிறதா என்று தேடும்போது பதிவுப் பெயரைக் கொண்டு தேடுங்கள்.

சென்ற வாரம் படம் அனுப்பியவர் ஆறு பேருக்குத் துண்டு கொடுத்திருந்தார். ஆறு பேரின் பெயரையும் கொடுத்த தேதியையும் இன்றே எழுதிவைக்கச் சொன்னேன், விற்க வேண்டாம் என்று அவர்களிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளவும் சொன்னேன். தாய்ச்செடியிலிருந்து ஆறு துண்டுகள் எடுத்து, மூன்றைத் தரையிலும் மூன்றைத் தொட்டியிலும் நட்டு, தொட்டிகளில் ஒன்றுக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற மறந்துவிடச் சொல்லியிருக்கிறேன். பெயரைப் பற்றி அவர் மறுபடி கேட்டார். அடுத்த ஆண்டு இதே மாதம் அதே தொட்டியின் படத்தை அனுப்புங்கள் என்று பதில் எழுதினேன்.