பியர்: அம்பயரின் உடன்பிறப்பு

கணினிகள் நடுவில் யாருமில்லாமல் தங்களுக்குள் நேரடியாகப் பகிர்ந்துகொள்ளும் முறையான ‘பியர்-டு-பியர்’ (peer-to-peer) என்பதைத் தமிழில் எழுதப் போனால் எழுத்திலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. ‘பீர்’ என்று எழுதினால் படிப்பவருக்கு மதுக்கடைதான் நினைவுக்கு வரும். ஆகவே ‘பியர்’. பொருளில் உள்ள சிக்கல் இதைவிடப் பெரியது.

சமம் என்று பொருள்படும் ‘பார்’ என்ற லத்தீன் சொல்லே இதன் வேர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1215-இல் எழுதப்பட்ட இங்கிலாந்தின் உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டா, ஒருவனைச் சிறையிட வேண்டுமானால் அவனுக்கு நிகரானவர்களின் தீர்ப்போ நாட்டுச் சட்டமோ வேண்டும் என்றது. அங்கே ‘நிகரானவர்’ என்பதற்கு ஆளப்பட்டதும் இந்த வேர்ச்சொல்தான். பின்னர் பிரபுக்கள், தங்களுக்குள் தாங்கள் சமம் என்று சொல்லி அதையே பட்டமாக்கிக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் மேலே உட்கார்ந்திருப்பவருக்குச் ‘சமமானவர்’ என்று பெயர்!

கிரிக்கெட் அம்பயரும் இதே குடும்பம். ‘சமமல்லாதவர்’ என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தில் ‘நம்பயர்’ போல ஒலித்தது. முன்னால் நின்ற ‘எ’ (a), நகர மெய்யைத் தன்னோடு இழுத்துக்கொண்டதும் ‘ஆன் அம்பயர்’ ஆயிற்று. இரு தரப்பிலும் சேராத மூன்றாம் ஆள் அவர்.

கணினி உலகின் பியரைப் புரிந்துகொள்ள இந்த அம்பயரே போதும். நாம் அன்றாடம் புழங்கும் வணிகத் தளங்களில் இருவர் பேசிக்கொண்டாலும் நடுவில் நிறுவனத்தின் வழங்கி (சர்வர்) நிற்கிறது. நாம் எப்போதும் வாங்கிகள். பியர்-டு-பியரில் ஒவ்வொரு கணினியும் வழங்கியாகவும் வாங்கியாகவும் இருக்கும். 1999-இல் வந்த நாப்ஸ்டரில் பாட்டுக் கோப்புகள் பயனர்களின் கணினிகளிலேயே இருந்தன. எது யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நிறுவனத்தின் கையில். சேவையை முடக்க அந்த ஓர் அம்பயர் போதுமானதாக இருந்தது: இசை நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 2001-இல் சேவை நின்றது. அதே ஆண்டு பிராம் கோஹன் வெளியிட்ட, கோப்பைத் துணுக்குகளாக்கிப் பயனர்களிடையே பகிரும் பிட்டொரண்டிலும் தொடக்கத்தில் ‘டிராக்கர்’ என்ற வழிகாட்டிக் கணினி தேவைப்பட்டது. 2005 வாக்கில் அந்தப் பட்டியலையும் பயனர்களின் கணினிகளே பங்கிட்டு வைத்துக்கொள்ளும் முறை வந்துவிட்டது.

கோப்புகள் மட்டுமல்ல, கம்பியும் அலைக்கற்றையும்கூட இப்படி ஊர்க்காரர்கள் கையில் இருக்க முடியும். ஸ்பெயினின் கத்தலோனியாவில் பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத சிற்றூர்க்காரர்கள் 2004-இல் வீட்டுக்கூரைகளில் ஆன்டெனா கட்டி ‘குய்ஃபி.நெட்’ என்ற சொந்த இணைய வலையைத் தொடங்கினார்கள். அது முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கணுக்களாக (இணைப்பு முனைகளாக) வளர்ந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சகா’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது நண்பன், டொரண்டில் துணுக்கு கொடுப்பவர் யாரென்றே நமக்குத் தெரியாது. ‘இணையர்’ என்றால் இன்று வாழ்க்கைத் துணை, ஆகவே ‘இணையர் வலை’ திருமணத் தகவல் மையம்போல ஒலிக்கும். ‘நிகர்’ நல்ல சொல்தான், ஆனால் நிகர லாபமும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் அதன் தோளில் ஏறிக்கொண்டுவிட்டன. கல்வியியல் நூல்களில் ‘ஒப்பார் குழு’ என்பது உண்டு. பொருள் மிகச் சரி. ஒரு இகரம் கூடினால் இழவு வீடு. என் ஓட்டு ‘ஒத்தோர்’ என்பதற்கு. ஒத்தோர் வலை, ஒத்தோர் பகிர்வு.

ஆனால் அது ஆளுக்கான பெயர்தான். நடக்கும் வேலைக்கு நம்மிடம் ‘கைமாற்று’ இருக்கிறது. வங்கி இல்லை, பத்திரம் இல்லை, வட்டி இல்லை. இன்று கொடுப்பவர் நாளை வாங்குவார். கைமாற்றை வாங்கித் திருப்பாதவருக்கு மறுமுறை கை நீளாது. பிட்டொரண்டின் விதியும் ஏறத்தாழ அதுவே: தனக்குத் துணுக்கு தருபவருக்கே ஒரு கணினி முன்னுரிமை கொடுக்கும். வாங்கிக்கொண்டே இருந்து எதுவும் தராதவருக்கு அந்த உலகத்தார் வைத்திருக்கும் ‘லீச்’ என்ற பெயருக்கு மட்டும் புதுச்சொல் தேட வேண்டியதில்லை: ரத்தம் உறிஞ்சும் அட்டை.