டிஎல்சிஐ: தமிழில் 'தட எண்'

தொலைவில் உள்ள அலுவலகங்களின் வலையமைப்புகளை இணைக்கப் பயன்பட்ட நுட்பம் ஃபிரேம் ரிலே. அதில் ஒவ்வொரு ஃபிரேமும், அதாவது தரவுப் பொட்டலமும், எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று குறிக்கும் எண்தான் டிஎல்சிஐ. அங்கே வேலை பார்த்தவர்கள் 'டெல்சி' என்று சொல்வது இதைத்தான். விரித்தால் டேட்டா லிங்க் கனெக்‌ஷன் ஐடென்டிஃபையர். சொல் ஃபிரேம் ரிலேக்கென்று பிறந்ததல்ல, ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் தொலைபேசி வலையமைப்பின் க்யூ.921 நெறிமுறையிலிருந்து வந்தது. அங்கே சேவையைக் குறிக்கும் 6 பிட்டும் கருவியைக் குறிக்கும் 7 பிட்டும் சேர்ந்ததே டிஎல்சிஐ. ஃபிரேம் ரிலே அந்தப் பிரிவைக் கைவிட்டு, 10 பிட் கொண்ட ஒரே எண்ணாக்கியது. ஃபிரேமின் தலைப்பில் உள்ள முகவரிப் புலத்தின் முதல் பைட்டில் 6 பிட், இரண்டாவதில் 4.

பெயரில் ஐடென்டிஃபையர் இருப்பதால், போய்ச்சேர வேண்டிய இடத்தின் முகவரி இது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. இந்த எண்ணுக்கு ரவுட்டருக்கும் அதை ஒட்டிய ஸ்விட்சுக்கும் இடையே உள்ளதுபோன்ற ஒரே ஒரு இணைப்புக்குள் மட்டுமே பொருள் உண்டு. தலைமை அலுவலக ரவுட்டர் 102 என்று எழுதி ஃபிரேமை அனுப்புகிறது. ஸ்விட்ச் தன் அட்டவணையைப் பார்க்கிறது: 1ஆம் போர்ட்டில் 102 வந்தால், 201 என்று மாற்றி 3ஆம் போர்ட்டில் விடு. கிளை அலுவலகத்துக்கு 201தான் தெரியும். பதிலையும் 201 போட்டே அனுப்பும். அதே ஸ்விட்சின் 5ஆம் போர்ட்டில் இன்னொருவருக்கும் 102 இருக்கலாம், குழப்பமே வராது. 10 பிட்டில் அடங்குவது 1024 எண்கள்தான். ஆனாலும் பெரிய வலையமைப்புகளுக்கு அது போதுமானதாக இருந்தது இதனால்தான்.

எல்லா எண்களும் நமக்குக் கிடைக்காது. தடம் வேலை செய்கிறதா என்று ரவுட்டரும் ஸ்விட்சும் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறைக்கு எல்எம்ஐ என்று பெயர். ஏஎன்எஸ்ஐ, ஐடியு ஆகிய தர அமைப்புகளின் வகை எல்எம்ஐ 0ஐயும் சிஸ்கோ வகை 1023ஐயும் நிலைச்செய்திக்கு எடுத்துக்கொள்கின்றன. சிஸ்கோ வகையில் பயனருக்கு உள்ளவை 16 முதல் 1007 வரை.

சரி, மறுமுனையில் இருப்பது யார் என்று ரவுட்டருக்கு எப்படித் தெரியும்? கையால் எழுதி வைக்கலாம். இல்லையென்றால் இன்வெர்ஸ் ஆர்ப் என்ற நெறிமுறை அந்தத் தடத்திலேயே கேட்டு, மறுமுனையின் ஐபி முகவரியை வாங்கித் தரும்.

இப்போது தமிழ். இந்த எண் குறிக்கும் தடத்தை ஆங்கிலத்தில் 'வர்ச்சுவல் சர்க்கியூட்' என்பார்கள். 'வர்ச்சுவல்' என்பதற்கு மெய்நிகர் அருமையான சொல்: மெய்யில்லை, ஆனால் மெய்க்கு நிகராக வேலை செய்யும். 'சர்க்கியூட்' என்பதைச் சுற்று என்று வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மின்சாரம் போய்த் திரும்பும் மின்சுற்றுக்கு அது பொருந்தும். இங்கே இருப்பது ஸ்விட்சுகளின் அட்டவணைகளில் முன்கூட்டியே பதிந்துவைத்த ஒரு பாதை. ஆகவே மெய்நிகர் தடம். 'தரவு இணைப்பு அடையாளங்காட்டி' என்ற நேர்பெயர்ப்பு நீளமானது, முகவரி என்ற மயக்கத்தையும் வளர்க்கும். தட எண் போதும். ஃபிரேம் ரிலேக்கு முந்தைய நெறிமுறையான எக்ஸ்.25இன் 12 பிட் லாஜிக்கல் சேனல் எண்ணையும், ஒவ்வொரு ரவுட்டரிலும் மாறிக்கொண்டே போகும் எம்பிஎல்எஸ் என்ற பிற்கால நுட்பத்தின் 20 பிட் லேபிளையும்கூட இதே சொல்லால் விளக்கலாம்.