ஓட்டத்துக்கு நடுவே ஒன்றரை நிமிடம்

1939 ஜூலை 15, மிலான் நகரம். 800 மீட்டர் ஓட்டத்தில் இத்தாலியின் மாரியோ லான்ஸி ஆரம்பத்திலேயே முன்னால் பாய்ந்தார். ஜெர்மனியின் ருடால்ஃப் ஹார்பிக் அவரை ஒட்டியே ஓடி, கடைசிக் கட்டத்தில் முந்தினார். நேரம் 1 நிமிடம் 46.6 விநாடி. இங்கிலாந்தின் சிட்னி வூடர்சன் முந்தைய ஆண்டுதான் 1:48.4 என்று உலக சாதனை படைத்திருந்தார். அதிலிருந்து ஒரே ஓட்டத்தில் 1.8 விநாடி போய்விட்டது. அந்த வேகத்தில் அது ஏறக்குறைய 13 மீட்டர்!

இதே ஹார்பிக், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் முதல் சுற்றிலேயே வெளியேறியவர். 4×400 தொடரோட்டத்தில் மட்டும் வெண்கலம் கிடைத்தது. மூன்றே வருடத்தில் இவ்வளவு தூரம் வந்ததில் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லருக்குப் பெரிய பங்கு உண்டு.

800 மீட்டர் பொல்லாத தூரம். 100 மீட்டர் ஓடுபவருக்கு ஆக்சிஜன் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தசைக்குள் இருப்பதே போதும். மாரத்தான் ஓடுபவர் முழுக்க முழுக்க ஆக்சிஜனை நம்பி ஓடுகிறார். 800 மீட்டருக்கோ இரண்டும் வேண்டும். ஓடத் தொடங்கியதும் ஆக்சிஜன் வரத்து உடனே உச்சத்துக்குப் போய்விடாது, அரை நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அதுவரை தசை ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்துச் சமாளிக்கிறது. அதனால் தசையில் அமிலத்தன்மை ஏறுகிறது; கடைசி 200 மீட்டரில் கால் கனப்பது பெரும்பாலும் இதனால்தான். அப்படியும் மொத்த ஆற்றலில் பாதிக்கு மேல் ஆக்சிஜன் வழியாகவே வருகிறது. ஆக, இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி.

கெர்ஷ்லர் பிடித்தது இந்த இடத்தைத்தான். ஹார்பிக்கை வைத்துச் செய்து பார்த்ததை, பின்னாளில் ஃபிரைபுர்க்கில் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டெலுடன் சேர்ந்து ஒரு முறையாகவே வகுத்தார். 100 அல்லது 200 மீட்டர் வேகமாக ஓட வேண்டும். நின்றதும் நாடியைப் பிடித்து 10 விநாடி எண்ணினால் 30 துடிப்பு, அதாவது நிமிடத்துக்கு 180. அப்புறம் மெல்ல நடக்கலாம். 10 விநாடிக்கு 20 என்று இறங்கியதும், அதாவது 120 வந்ததும், அடுத்த ஓட்டம். ஒன்றரை நிமிடத்துக்குள் 120க்கு வரவில்லையா? வேகம் அதிகம், அல்லது தூரம் அதிகம். குறைத்துக்கொள்ள வேண்டும்.

இதயம் வளர்வது அந்த இடைவேளையில்தான் என்பது அவர்கள் வாதம். ஓட்டம் நின்றதும் துடிப்பு குறைகிறது, ஆனால் கால்களிலிருந்து ரத்தம் இன்னும் வெள்ளமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இதய அறை நன்றாக நிரம்ப நேரம் கிடைக்கிறது. அடிபம்பை நிதானமாக முழுசாக இழுத்து அடிப்பது போலத்தான். இப்படித் திரும்பத் திரும்ப நிரம்பி விரியும் இதயம் காலப்போக்கில் பெரிதாகி, ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தம் தள்ளும் என்றார்கள்.

பிற்கால ஆராய்ச்சி இதை அப்படியே ஏற்கவில்லை. ஓடும் நேரத்துக்கும் சம மரியாதை உண்டு. சில நிமிடம் நீளும் ஓட்டங்களும் இதயத்தை வளர்க்கின்றன. 180, 120 என்ற எண்களும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஓய்வையும் அளந்து கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. என்னைப் பொறுத்தவரை கெர்ஷ்லரின் பெரிய கொடை அதுவே.

மிலானுக்கு அடுத்த மாதமே ஃபிராங்க்ஃபர்ட்டில் 400 மீட்டரை 46.0 விநாடியில் ஓடி ஹார்பிக் இன்னொரு உலக சாதனை படைத்தார். 1941இல் சொந்த ஊரான டிரெஸ்டனில் 1000 மீட்டரை 2:21.5இல் முடித்தார். போரால் 1940 ஒலிம்பிக் நடக்கவில்லை. 1944 மார்ச் 5 அன்று, ஜெர்மன் படைவீரராக உக்ரைன் போர்முனையில் இறந்தார். வயது 30.

அவருடைய 800 மீட்டர் சாதனை 16 ஆண்டு நின்றது. போர்தான் காரணம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. போரில் சேராத ஸ்வீடனில் ஹேக்கும் ஆண்டர்சனும் அதே காலத்தில் 1500 மீட்டர், மைல் சாதனைகளை மாறி மாறி உடைத்தார்கள், 1:46.6 மட்டும் அசையவில்லை. 1955இல் ஆஸ்லோவில் பெல்ஜியத்தின் ரோஜர் மோன்ஸ் 1:45.7 ஓடித்தான் அதை முறியடித்தார்.