வல்னரபிலிட்டி: பாதிப்பா, ஓட்டையா?

இணையதளங்களை இயக்கும் கணினிகளான சர்வர்களைப் பராமரிப்பவர்களுக்கு வரும் எச்சரிக்கைகளில் தவறாமல் இடம்பெறும் சொல் வல்னரபிலிட்டி (vulnerability): மென்பொருளில் பிறர் புக இடம் தரும் குறை. தமிழில் எழுதும்போது பலர் இதைப் ‘பாதிப்பு’ என்று போட்டுவிடுகிறார்கள். இணையதளப் பக்கங்களை நமக்கு எடுத்துத் தரும் மென்பொருளான அப்பாச்சியைப் பற்றி, ‘அப்பாச்சி வெப் சர்வரில் பாதிப்பு’ என்று படிப்பவர் என்ன நினைப்பார்? யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள், ஏதோ பறிபோய்விட்டது என்றுதான். புயல் பாதிப்பு, வெள்ளப் பாதிப்பு என்று சொல்லிப் பழகிய நமக்கு அது நடந்து முடிந்ததைக் குறிக்கும் சொல். வல்னரபிலிட்டியோ, நடப்பதற்கு வழி இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது.

சொல்லின் வேர் லத்தீன். ‘வுல்னுஸ்’ என்றால் காயம், ‘வுல்னெராரே’ என்றால் காயப்படுத்துதல். அதன் வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது, காயப்படக்கூடிய என்ற பொருளில். கணினித் துறை எடுத்துக்கொண்டதும் இந்தக் ‘கூடிய’வைத்தான்.

2014இல் வெளிவந்த ‘ஹார்ட்பிளீட்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதயத்தில் ரத்தம் கசிகிறது என்று பெயரே காயத்தைச் சொல்கிறது. வெப் சர்வர்கள் பாதுகாப்பான இணைப்புக்கு நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்த கோளாறு அது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ‘ஹார்ட்பீட்’ என்று ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் சிறு தகவலை அனுப்பி, அதன் நீளத்தையும் சொல்லும். மறுபக்கம் அதை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். சொன்ன நீளம் உண்மைதானா என்று யாரும் சரிபார்க்கவில்லை. ஓரெழுத்தை அனுப்பிவிட்டு நீளம் 64 கிலோபைட் என்று புளுகினால், சர்வர் தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடும். அதில் பாஸ்வேர்டு இருக்கலாம், சர்வரின் ரகசியச் சாவியே கூட இருக்கலாம். 2012இல் வந்த 1.0.1 பதிப்பில் நுழைந்த இந்தக் கோளாறு, 2014 ஏப்ரல் 7 அன்று 1.0.1ஜி பதிப்பில்தான் சரியானது. இடைப்பட்ட காலத்தில் யாராவது பயன்படுத்தினார்களா? நடப்பதைப் பதிந்துவைக்கும் வழக்கமான சர்வர் லாகில் தடயம் விழாது. ஆக, வல்னரபிலிட்டி இருந்தது உறுதி. பாதிப்பு நடந்ததா என்பது பல சர்வர்களில் யாருக்கும் தெரியாது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இதை எப்படி எழுதுவது?

சரி, வேறு என்ன இருக்கிறது? ‘வழு’ இலக்கணத்திலிருந்து வந்த அழகான சொல். ஆனால் அது மென்பொருள் பிழையைக் குறிக்கும் ‘பக்’ என்பதற்குத் தமிழ்க் கணிமையில் ஏற்கெனவே புழங்குகிறது. எல்லா வழுவும் ஆபத்தானதல்ல. பொத்தானின் நிறம் மாறித் தெரிவதும் வழுதான். ‘பலவீனம்’ கிட்டத்தட்ட வருகிறது, ஆனால் துறைக்குள் அது வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. கோப்புப் பாதையைச் சரிபார்க்காமல் விடும் பழக்கம் ஒரு வகைப் பலவீனம். குறிப்பிட்ட மென்பொருளின் குறிப்பிட்ட பதிப்பில் அது தலைகாட்டும்போதுதான் வல்னரபிலிட்டி. அதற்குத்தான் 1999 முதல் சிவிஇ (CVE) என்ற அடையாள எண் தருகிறார்கள்.

வேர்ப்பொருளுக்கு மிக நெருக்கமானது ‘ஊறு’. ‘உறுப்பமைந்து ஊறஞ்சா வெல்படை’ என்ற குறளில் அதற்குப் புண்படுதல் என்றே பொருள். அதே வள்ளுவர் ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்னும்போது ஊறு என்பது தொடு உணர்வு. ‘ஊறுபடுநிலை’ என்று ஆக்கினால் லத்தீனுக்கு அச்சாகப் பொருந்தும். என்ன செய்வது, இன்றைக்கு ஊறு என்றதும் பலருக்கு ஊறுகாய்தான் நினைவுக்கு வருகிறது. கலைச்சொல் அகராதியில் இருக்கட்டும்; அவசர அறிவிப்பில் வேண்டாம்.

என் வாக்கு ‘ஓட்டை’க்கு. கொச்சை என்று முகம் சுளிப்பவர்கள், ‘சட்டத்தில் உள்ள ஓட்டை’ என்று நாளிதழ்கள் எழுதுவதைப் பார்த்திருப்பார்கள். அங்கும் அதே பொருள்தான்: வழி திறந்திருக்கிறது, யாராவது நுழைந்தார்களா என்பது தனிக் கேள்வி. முறையாக எழுத வேண்டுமானால் ‘பாதுகாப்பு ஓட்டை’. அதைப் பயன்படுத்தி நுழையும் உத்தியான ‘எக்ஸ்ப்ளாய்ட்’டைத் தாக்குதல் வழி எனலாம். ஓட்டையை அடைக்கும் திருத்தமான ‘பேட்ச்’ என்பதற்கு ஒட்டு என்ற சொல் கையிலேயே இருக்கிறது.

2021 அக்டோபரில் நடந்ததை இந்தச் சொற்களில் எழுதிப் பார்க்கிறேன். அப்பாச்சி 2.4.49இல் ஓர் ஓட்டை இருந்தது. மேல் கோப்புறைக்குப் போகச் சொல்லும் இரட்டைப் புள்ளியில் ஒரு புள்ளியை மட்டும் குறியீடாக மாற்றி முகவரியில் எழுதினால், சர்வரின் சோதனைக்குத் தப்பிவிடும். தளத்துக்கு வெளியே இருக்கும் கோப்புகளையும் படிக்கலாம். அந்தக் கோப்புறைகளுக்கு அனுமதி மறுத்து வைத்திருந்த சர்வர்களில் இது பலிக்கவில்லை. அக்டோபர் 4 அன்று ஒட்டுடன் 2.4.50 வந்தது. குறியீட்டையே மறுபடி குறியீடாக்கினால் ஒட்டையும் தாண்டலாம் என்று தெரியவர, 7ஆம் தேதி 2.4.51 வந்தது. இதற்குள் தாக்குதல்களும் தொடங்கியிருந்தன. அவற்றில் கோப்பைப் பறிகொடுத்த சர்வர்களைப் பற்றி எழுதும்போது ‘பாதிப்பு’ என்று தாராளமாகப் போடலாம்.