ஆர்பரிஸ்ட்: மரமேறியா, மரப்பேணுநரா?

லத்தீனில் 'ஆர்போர்' என்றால் மரம். அதிலிருந்து வந்த 'ஆர்பரிஸ்ட்' என்பதற்கு நேர்ப்பொருள் பார்த்தால் மரத்துக்காரர், அவ்வளவுதான். ஆங்கிலத்துக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்ட சொல். பழைய பிரெஞ்சில் இதே சொல் மூலிகைக்காரரைக் குறித்தது. 'எர்போரிஸ்ட்' மக்கள் வாயில் புரண்டு அப்படி ஆனது. இன்று இது குறிப்பது வேறு ஆளை: நிற்கிற மரத்தில் கயிறு கட்டி ஏறி, கிளை கழித்து, நோய் பார்த்து, வேறு வழியே இல்லையென்றால் மரத்தைத் துண்டு துண்டாக இறக்குகிறவர்.

இவரை 'மரமேறி' என்று சொல்லிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏறுவது வேலைக்குப் போகும் வழி. வேலை அதற்குப் பிறகுதான். ஒரே ஒரு கிளையை எடுப்பதைப் பாருங்கள். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த வளையம் இருக்கும். அதுதான் கிளைக்கழுத்து, வெட்டுக்காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளர்ந்து வரும். கிளை தடித்ததாக இருந்தால், அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி முதலில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுப்பார். அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவிடுவார். கீழ்வெட்டு இல்லாவிட்டால் விழுகிற கிளை பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு போகும். மிஞ்சிய கட்டையைக் கடைசியாக அந்த வளையத்தை ஒட்டி, ஆனால் வளையத்தைத் தொடாமல் எடுப்பார்.

முன்பெல்லாம் அடிமரத்தோடு ஒட்ட வழிப்பதுதான் சுத்தமான வேலை என்று நினைத்தார்கள். அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க மர நோயியலாளர் செயின்சாவால் மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்தார். மரம் நம் தோலைப் போலக் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, அழுகலைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று 1970களில் விளக்கினார். அதோடு 'மர அறுவை மருத்துவர்' என்ற பெயரும் பழசாகிவிட்டது என்பேன். அது பொந்தைச் சுரண்டிச் சிமெண்ட் பூசிய காலத்துப் பெயர். அப்படிச் சுரண்டினால் மரம் எழுப்பிய சுவரே உடைந்துபோகும்.

கைதேர்ந்தவரா என்று தெரிய, அவர் ஏறுவதற்கு முன் என்ன செய்கிறார் என்று பார்த்தால் போதும். தூரைச் சுற்றி நடப்பார். காளான் முளைத்திருக்கிறதா, ஒரு பக்கம் மண் வெடித்து மேலெழும்பியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். கொட்டாப்புளியால் தட்டி ஓசை கேட்பார். அப்புறம்தான் சிறிய எடைப்பை கட்டிய மெல்லிய நூலை உறுதியான கவைக்கு மேல் எறிவார். வெட்டி அகற்றப் போகாத மரத்தில் காலில் முள்ளாணி மாட்டிக்கொண்டு ஏற மாட்டார். ஒவ்வொரு குத்தும் பட்டைக்கு அடியிலுள்ள உயிர்த்திசுவில் ஒரு காயம். மேலே செயின்சா பிடிக்கும்போது இரண்டு இடத்தில் கட்டியிருப்பார், ஒரு கயிற்றில் ரம்பம் பட்டாலும் இன்னொன்று தாங்கும். கீழே நிற்பவருக்கும் ஏறத் தெரிந்திருக்க வேண்டும், மேலே இருப்பவர் மயங்கினால் வேறு யார் இறக்குவது? 1976 முதல் நடந்துவரும் சர்வதேச மரமேற்றப் போட்டியில் வேகமாக ஏறுவது ஒரு பிரிவுதான். அடிபட்டவருக்குப் பதிலாக மேலே தொங்கும் பொம்மையைப் பத்திரமாக இறக்குவதும் அதே போட்டியில் ஒரு பிரிவு.

சரி, தமிழில் என்ன சொல்வது? மரவெட்டி வெட்டுவதோடு சரி. மரவியலாளர் மரங்களைப் பற்றிப் படிப்பவர், ஏற வேண்டும் என்றில்லை. 'மரப்பேணுநர்' என்பதே என் தேர்வு. பேணு என்பதில் காப்பதும் வளர்ப்பதும் இரண்டும் உண்டு. ஓட்டுநர், பெறுநர் போல இதற்கும் 'நர்' விகுதிதான். 'பேணுனர்' என்று எழுத வேண்டாம்.

பனையேறியையும் இந்தப் பெயருக்குள் சேர்க்கலாமா? தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் வெளியே வைரம் பாய்ந்ததைப் புல் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். தாவரவியலும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான். அவற்றுக்குக் கிளைக்கழுத்தும் இல்லை, காயத்தின் மேல் வளர்ந்து மூடும் திசுவும் இல்லை. தண்டில் குத்திய துளை கடைசி வரை துளையாகவே இருக்கும். பனையேறியின் வேலை வேறு, அதற்குப் பெயரும் ஏற்கெனவே இருக்கிறது.