துறையிடை: 'இன்டர்டிசிப்ளினரி'க்குத் தமிழ் என்ன?

கடலோர ஆய்வு மையம் ஒன்றின் அறிமுகக் குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்தால், முதல் வரியிலேயே காலை வாரிவிடும் சொல் 'இன்டர்டிசிப்ளினரி'. சிலர் பல்துறை என்கிறார்கள், சிலர் இடைத்துறை என்கிறார்கள், இன்னும் சிலர் 'துறைகளுக்கு இடையேயான' என்று நீட்டுகிறார்கள். ஒரே அறிக்கையில் மூன்றும் எட்டிப் பார்ப்பதும் உண்டு. கடலைப் பற்றி எழுதும் இடத்தில் இந்தத் தடுமாற்றம் வேடிக்கையானது. 'துறை' என்பதே தண்ணீர்க் கரையில் பிறந்த சொல்.

ஆங்கிலச் சொல்லை முதலில் பார்த்துவிடலாம். லத்தீனில் 'டிஸ்கெரே' என்றால் கற்றல், 'டிஸ்கிபுலுஸ்' என்றால் மாணவர். 'டிஸ்கிப்ளினா' என்பது கற்பிக்கப்படுவது. கற்பித்தலோடு கண்டிப்பும் சேர்ந்தே வந்ததால், அதே சொல் ஒழுங்கையும் தண்டனையையும் குறிக்கலாயிற்று. பள்ளிக்கூடத்தில் 'டிசிப்ளின்' என்றதும் நமக்குப் பிரம்பு நினைவுக்கு வருவது இதனால்தான். 'இன்டர்' என்றால் இடையே. இரண்டும் ஒட்டிய சொல் அவ்வளவு பழையது இல்லை. 1920களிலும் 1930களிலும் அமெரிக்கச் சமூக அறிவியலாளர்களிடையே புழங்கத் தொடங்கியது.

தமிழ்த் 'துறை'யின் வயது வேறு. கரையிலிருந்து நீருக்குள் இறங்கும் இடம் என்பதே அதன் அடிப்படைப் பொருள். குளிக்கும் துறை, துணி வெளுக்கும் துறை, தோணித்துறை, துறைமுகம் எல்லாம் அந்தப் பொருளில் வந்தவை. பருத்தித்துறை, காங்கேசன்துறை என்று ஊர்ப்பெயர்களிலும் அது நிற்கிறது. மலையாளத்தில் 'துற' என்றால் கடலோர மீனவர் குடியிருப்பு. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத் தலைவனுக்குத் 'துறைவன்' என்றொரு பெயர் உண்டு. இன்றைய பல்கலைக்கழகத் துறைத்தலைவர்களுக்கு இது தெரியுமோ என்னவோ.

நீர்த்துறை அறிவுத்துறையானது ஏதோ அலுவலக மொழிபெயர்ப்பால் என்று நினைக்க வேண்டாம். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் 'பல்கேள்வித் துறைபோகிய தொல்லாணை நல்லாசிரியர்' என்று வருகிறது. துறைபோதல் என்றால் ஒன்றை முற்றக் கற்றுக் கரைகாணுதல். புறப்பாடல்களின் அடியில் 'திணை', 'துறை' என்று குறித்திருப்பதும் இதே சொல்தான். 'பொதுப்பணித் துறை', 'காவல் துறை' போன்றவை மிகப் பின்னால் வந்து சேர்ந்தவை. கல்வி ஒரு நீர்ப்பரப்பு, அதற்குள் இறங்கப் பல இடங்கள் என்ற படிமம் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. லத்தீன் சொல்லில் ஆசிரியரும் மாணவரும் இருக்கிறார்கள், தண்ணீர் இல்லை.

இனி, எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும்?

'பல்துறை' தவறான சொல் இல்லை. ஆனால் அது 'மல்டிடிசிப்ளினரி'க்கு உரியது. 'இன்டர்' என்று வருமிடத்திலெல்லாம் 'பல்' போட்டுவிடும் பழக்கம் நமக்கு முன்பே உண்டு. 'இன்டர்நேஷனல்' பன்னாட்டு ஆனது, 'மல்டிநேஷனல்' கம்பெனியும் பன்னாட்டு நிறுவனம் ஆனது. அங்கே பெரிய இழப்பில்லை. இங்கே இழப்பு உண்டு.

ஒரு மீன்பிடித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அலை கரையைச் சாய்வாக மோதும்போது மணல் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கும். குறுக்கே சுவர் நீண்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கடற்கரை கரையும். பொறியாளர் சுவரின் உறுதியைக் கணக்கிட்டார், உயிரியலாளர் மீன் இனங்களைப் பட்டியலிட்டார், சமூகவியலாளர் குடும்பங்களைக் கணக்கெடுத்தார், மூன்றையும் ஒரே அட்டைக்குள் தைத்தார்கள் என்றால் அது பல்துறை ஆய்வு. மூன்று அத்தியாயமும் சரியாகவே இருக்கலாம். மணல் போன பிறகு படகை எங்கே இழுத்து ஏற்றுவார்கள், வலையை எங்கே உலர்த்துவார்கள் என்ற கேள்வி மட்டும் எந்த அத்தியாயத்திலும் வராது. அது அத்தியாயங்களுக்கு நடுவே கிடக்கிறது. அதைக் கேட்க வேண்டுமானால் கேள்வியை உருவாக்கும்போதே எல்லோரும் ஒரு மேசையில் இருக்க வேண்டும். 'இன்டர்' சுட்டுவது அந்த நடுவைத்தான்.

'இடைத்துறை' என்று சொன்னால் என்ன? இலக்கணம் இடிக்கிறது. இடைக்காலம், இடைவேளை, இடைநிலை ஆகியவற்றில் 'இடை' அடைமொழியாக முன்னால் நின்று, நடுவில் உள்ள ஒன்றைக் குறிக்கிறது. அந்தக் கணக்கில் இடைத்துறை என்பது இரண்டு துறைகளுக்கு நடுவே இருக்கும் மூன்றாவது துறை. இன்னொரு படித்துறை, அவ்வளவே. 'இடை' பின்னால் வந்தால்தான் 'ஊடே, நடுவே' என்ற பொருள் கிடைக்கும். ஆகவே துறையிடை. துறையிடை ஆய்வு, துறையிடைக் கடலாய்வு என்று பெயரடையாகவும் தடையின்றி ஓடுகிறது. எனக்கு இதுவே சரி.

கடலாய்வில் இந்தச் சொல்லின் பொருளை விளக்க எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1857இல் அட்லாண்டிக் கடலடியிலிருந்து எடுத்த சேறு ஆல்கஹாலில் பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்தது. 1868இல் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி அதைத் திரும்ப நுண்ணோக்கியில் பார்த்து, கூழ்போன்ற ஒரு பொருளைக் கண்டார். உயிரின் ஆதிவடிவமே இதுதான் என்று எண்ணி 'பத்திபியஸ் ஹெக்கெலி' என்று பெயரும் வைத்தார். கடலடி முழுவதும் அது பரவிக் கிடப்பதாகப் பேச்சு கிளம்பியது. கடலாய்வுக்காக 1872இல் புறப்பட்டு 1876இல் திரும்பிய பிரிட்டனின் சாலஞ்சர் கப்பலில் இயற்கையியலாளர்களோடு ஜான் புக்கானன் என்ற வேதியியலாளரும் போனார். புதிதாக எடுத்த சேற்றில் அந்தக் கூழ் தென்படவே இல்லை. கடல்நீரில் ஆல்கஹாலை ஊற்றினால் கால்சியம் சல்பேட் படிகிறது, ஆதி உயிர் என்று பேர் பெற்றது அந்தப் படிவுதான் என்று அவர் காட்டினார். கப்பல் திரும்புமுன்பே, 1875இல், ஹக்ஸ்லி தவற்றை ஒப்புக்கொண்டார். உயிரியலாளரின் கேள்விக்கு வேதியியலாளரின் குடுவையில் பதில் கிடைத்தது. இயற்கையியலாளர்களும் வேதியியலாளரும் ஒரே கப்பலில் இருந்ததால் நடந்த காரியம் இது. அந்தப் பயண அறிக்கை 50 தொகுதிகளாக 1895 வரை வெளிவந்தது. கடலியல் ஒரு தனி அறிவியலாக நிலைபெற அது பெரிதும் உதவியது.

'டிரான்ஸ்டிசிப்ளினரி' என்ற அடுத்த படியும் இருக்கிறது. பிரான்ஸின் கடலோர நகரமான நீஸில் 1970இல் நடந்த கருத்தரங்கில் மல்டி, இன்டர், டிரான்ஸ் மூன்றும் வகை பிரித்துப் பேசப்பட்டன. 'துறைகடந்த' என்பது இதற்குப் போதும். இன்று அந்தச் சொல்லைப் பயன்படுத்துவோர், பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவரையும், கடலாய்வில் என்றால் மீனவரையும், கேள்வி கேட்கும் இடத்திலேயே சேர்த்துக்கொள்வதை அதனால் குறிக்கிறார்கள்.

இங்கேதான், ஆய்வை மக்களிடம் கொண்டுசெல்வதைக் குறிக்கும் 'அவுட்ரீச்' என்ற சொல்லும் வந்து சிக்கலாக்குகிறது. பரப்புரை என்றால் தேர்தல் வாடை வீசுகிறது. மக்கள் தொடர்பு என்றால் விளம்பரப் பிரிவு நினைவுக்கு வருகிறது. வேளாண்மையில் பழகிய 'விரிவாக்கம்' இருக்கிறது. 'எக்ஸ்டென்ஷன்' என்பதன் நேர் பெயர்ப்பு அது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1873இல் வெளியூர்களில் நடத்தத் தொடங்கிய விரிவுரைகளுக்கு அந்தப் பெயர் இருந்தது. அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டுச் சட்டம் அதை விவசாயிகளிடம் கொண்டுபோனது. கடலுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று 1963இல் கடலியலாளர் ஏதல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ் யோசனை சொல்ல, 1966இல் 'சீ கிராண்ட்' திட்டம் சட்டமானது. பல்கலைக்கழகங்களின் ஆய்வு, கல்வி, விரிவாக்கம் மூன்றையும் கடலோர மக்களோடு இணைப்பது அதன் வேலை.

'சீ கிராண்ட்' என்பதைக் 'கடல் மானியம்' என்று எழுதினால் வாசகருக்குப் படகு டீசல்தான் ஞாபகம் வரும். உண்மையில் 'மானியம்' என்பதற்குப் பழைய பொருள் வரியில்லாமல் விடப்பட்ட நிலம். 1862இல் கல்லூரிகளை உருவாக்க அமெரிக்க மாநிலங்களுக்கு நிலம் வழங்கிய 'லேண்ட் கிராண்ட்' முறையை ஒட்டித்தான் 'சீ கிராண்ட்' என்ற பெயரே வைக்கப்பட்டது. ஆக, பழைய தமிழ்ப் பொருளில் 'மானியம்' கச்சிதம். பொருள் மாறிவிட்டதால் 'கடல்கொடை' என்பேன்.

அவுட்ரீச்சுக்கு 'விரிவாக்கப் பணி' என்பதை ஏற்கிறேன், ஒரு முணுமுணுப்போடு. விரிவாக்கம் என்றால் நடுவிலிருந்து வெளியே போவது. அறிவு வளாகத்தில் இருக்கிறது, கரைக்கு அனுப்பிவைக்கிறோம் என்ற தொனி அதில் ஒட்டியிருக்கிறது. கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று திசைக்கொரு காற்றுக்குப் பெயர் வைத்திருப்பவர்களிடமிருந்து வளாகத்துக்கு வருவதை அந்தச் சொல் சொல்லாது. மீனவரும் சேர்ந்து நடத்தும் ஆய்வு என்றால் 'விரிவாக்கம்' என்று எழுதாமல் 'கூட்டாய்வு' என்றே எழுதிவிடலாம். துண்டறிக்கை கொடுத்துவிட்டு வருவதற்கு விரிவாக்கம் போதும்.